ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு எர்த் கொடுத்த கதை

ஒயரிங் தொழிலில் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் அதோடு யாருக்கும் நம் ஞாபகமே வராது. ஃபேன் சுற்றுகிறவரை ஃபேன் வாங்கினவர் கெட்டிக்காரர். நின்றுவிட்டால் மட்டும் "எவ அவ ஒயரிங் பண்ணவ?" என்று ஆள் தேடுவார்கள். டெஸ்டரைச் சொருகிக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் என் சக பாவிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. தளர்ந்துபோன பிளக் பாயிண்ட்டில் காகிதத்தை மடித்துச் சொருகிக் காலம் தள்ளுகிறவர்களே, நீங்களும் இந்தக் கஷ்டத்தில் பங்காளிதான். நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள்.

என் பேர் மல்லிகா. கொல்லிமலை, குண்டூர் நாடு. ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்து இருபது வருஷம் ஆகிறது. பொம்பளையை ஒயர்மேன் என்று எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஊரே சேர்ந்து எனக்கு வைத்த பேர் கரண்டம்மிணி. இருபது வருஷத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்கள். ஆனால் டிரைவரண்ணனைப் போல என் உயிரை எடுத்தவரும் இல்லை, எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவரும் இல்லை.

டிரைவரண்ணன் என்றால் துரைசாமி அண்ணன். எங்கள் மலைப்பாதையில் இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டினவர். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எழுபது, இறங்கும்போது எழுபது. ரிட்டயர் ஆனதும் மற்றவர்கள் மாதிரி சீட்டுக் கச்சேரிக்குப் போனாரா? இல்லை. பொம்மை ரயில் சேர்க்க ஆரம்பித்தார். சேலத்துப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கினது, வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்து கொடுத்தது, மகள் போனில் தேடி வரவழைத்தது என்று மொத்தம் முப்பத்தொரு எஞ்சின். எல்லாம் தண்டவாளத்தில் கரண்ட் வாங்கி ஓடுகிற ஜாதி. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டாய். பாதியில் ரயில், பாதியில் மிளகு மூட்டை, நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அந்த மிளகுதான் அவருக்கும் அவர் சம்சாரம் காளியக்காவுக்கும் வருஷச் சோறு.

ரயிலே வராத மலையில் ரயில் மேல் ஏனுங்கண்ணா இந்த ஆசை என்று ஒருநாள் கேட்டேன். தோளைத் தடவிக்கொண்டே சொன்னார். "அது ஸ்டியரிங்கே இல்லாத வண்டி கண்ணு."

மலைக்கென்றே செய்தது

சித்திரையில் ஒரு காலை நேரம். டிரைவரண்ணன் போன் பண்ணினார். "அம்மிணி, ரயில்ல பொகை வருது. கொஞ்சம் வாரியா?" என்றார். புகை விடுகிற எஞ்சின் புதுசாக வாங்கியிருக்கிறார், காட்டுவதற்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, நிதானமாக டீயைக் குடித்துவிட்டு மொபெட்டை எடுத்தேன். போனால், கொட்டாய்க்குள் கண் எரிகிறது. புகை விடுவது எஞ்சின் இல்லை, டிரான்ஸ்பார்மர். வீட்டுக் கரண்டைப் பதினைந்து வோல்ட் சொச்சத்துக்குக் குறைத்து ரயிலுக்குக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. அதற்குமேல் போடுவதற்கு ஈரச் சாக்கோடு காளியக்கா ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். "அக்கா, போடாதே!" என்று நான் போட்ட கூச்சலில் மரத்தில் இருந்த காக்காய் எல்லாம் பறந்தன. கரண்ட் ஓடும்போது ஈரச் சாக்கு போட்டிருந்தால் அக்காவைத்தான் சாக்கில் சுற்றியிருக்க வேண்டும். மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைக் கம்பால் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பலகைத் தடுப்பு ஒரு முழம் கறுத்திருந்தது. அந்தப் பக்கம் மிளகு மூட்டை.

காளியக்கா சாக்கை வீசி எறிந்தாள். "கேட்டுக்க மல்லிகா, நீதான் சாட்சி. இன்னொருக்கா இந்தக் கொட்டாயில கருகல் வாடை அடிச்சுதுன்னா, முப்பத்தொண்ணையும் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டுருவேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். டிரைவரண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஊரையே ரயில் பார்க்கக் கூப்பிட்டு வைத்திருக்கிறாராம். வருகிறவர்கள் பார்க்க ரயில் இருக்குமா, எடைக்குப் போயிருக்குமா என்பது இனி என் கையில்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தகட்டில் பளிச்சென்று நூற்றுப்பத்து வோல்ட் என்று போட்டிருக்கிறது. நம் வீட்டுக் கரண்ட் இருநூற்று முப்பது. எந்த நாட்டுக்காரன் வீட்டுக்கோ செய்ததைக் கொண்டுவந்து நம் வீட்டில் சொருகியிருக்கிறார். "ஏனுங்கண்ணா, இதைப் பாக்கவே இல்லையா?" என்று கத்தினேன். மனுஷர் கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "பாத்தேன் கண்ணு. நம்ம மலையில என்னைக்கு முழுக் கரண்டு வந்துச்சு? சாயங்காலமானா நூத்திப்பத்துதானே வருது. நம்ம மலைக்குன்னே செஞ்சதுன்னு நெனச்சேன்."

அறாத ஃபியூஸ்

சரி, டிரான்ஸ்பார்மர் இவ்வளவு கரண்டை இழுத்திருக்கிறது, ஃபியூஸ் ஏன் போகவில்லை? போர்டில் இருந்த ஃபியூஸ் கட்டையைக் கழற்றினேன். ஃபியூஸ் கம்பி முடி மாதிரி மெல்லிசாக இருக்கும். கரண்ட் அளவுக்கு மீறினால் உருகி அறுந்து, வீட்டைக் காப்பாற்றிவிட்டுச் சாகும். அதற்குப் பதில் கட்டைக்குள் கெட்டியான இரும்புக் கம்பி ஒன்று வளைந்து உட்கார்ந்திருக்கிறது. இழுத்தேன், வரவில்லை. பிளேயரை வைத்து இழுத்தால் ஒருவழியாக வந்தது. இருபது வருஷத்தில் ஃபியூஸ் கட்டைக்குள் ஆணி பார்த்திருக்கிறேன், ஹேர்பின் பார்த்திருக்கிறேன், ஒருத்தர் வீட்டில் சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாள் கூடப் பார்த்திருக்கிறேன். இது எனக்குப் புதுசு. என்னவென்று கேட்டால், பஸ்ஸின் கிளட்ச் கேபிளைப் பிரித்து எடுத்த இழையாம்.

எனக்கு வந்ததே கோபம்! ஃபியூஸ் கம்பிக்கு வேலையே அறுவதுதான், அறாத கம்பியைப் போட்டால் அதற்குப் பதிலாக வீடு அறும் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, அந்தக் கம்பியை என் கையிலிருந்து வாங்கித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார்: "எழுவது வளைவுலயும் அறாத கம்பி அம்மிணி. இதைவிட நல்ல கம்பி உனக்கு எங்க கெடைக்கும்?"

பலா மரத்துக்குப் போன எர்த்

ஃபியூஸை எடுத்தாயிற்று, அந்த இடத்தில் கரண்ட் அளவு மீறினால் தானே அணைகிற பிரேக்கர் மாட்டியாயிற்று. அடுத்தது எர்த். இரும்புப் பெட்டி, தகரக் கொட்டாய், தகரத்தில் செய்த எஞ்சின் என்று எல்லாமே உலோகம். ஒரு ஒயர் தோல் உரிந்து பட்டால் போதும், தொட்டவர் கதி அதோகதி. அந்தக் கரண்ட் மனுஷன் உடம்புக்குள் போகாமல் நேராக மண்ணுக்குள் போக வழி காட்டுவதுதான் எர்த். கொட்டாயில் பச்சை ஒயர் இருந்தது. பரவாயில்லையே என்று அதைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவரோரமாகப் போய், ஓட்டை வழியாக வெளியே போய், வேலியைத் தாண்டி, ஒரு பலா மரத்தில் ஏறி, இடுப்பு உயரத்தில் ஒரு ஆணியில் சுற்றி நின்றது. ஆணிக்குப் பக்கத்தில் பலாக்காய் ஒன்று என்னைப் பார்த்துத் தொங்குகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் இத்தனை நாள் டிரைவரண்ணன் அந்தத் தகரப் பெட்டிகளை வெறுங்கையால் தொட்டுக்கொண்டு இருந்தாரே என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

புது எர்த் குழி தோண்டுவோம் என்றால் மலை விட வேண்டுமே. ஒன்றரை அடியில் பாறை. தள்ளிப் போய்த் தோண்டினால் அங்கேயும் பாறை. மூன்றாவது இடத்தில் கடப்பாரை முனையே மழுங்கிவிட்டது. குழி தோண்ட வந்த ஆள், "ஆளை உடு தாயி" என்று கிளம்பிவிட்டார். கடைசியில் நானே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். குளித்த தண்ணியும் பாத்திரம் கழுவின தண்ணியும் ஓடி நிற்கிற இடத்தில் நாலு வாழை நின்றன. அங்கே குத்தினேன். வெண்ணெயில் போகிற மாதிரி போயிற்று. எட்டடி குழி, குழாய், கரி, உப்பு, மறுபடியும் கரி. வாழைக்குப் போகிற தண்ணி என் எர்த்துக்கும் போகும், வருஷம் முழுக்க ஈரம் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அந்த வாழையைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல ஒரு சந்தோஷம் எனக்கு.

பலா மரத்து ஒயரிங் பண்ணினது அடிவாரத்து மாரியண்ணன். எனக்கு முன்னாலேயே தொழிலுக்கு வந்தவர். சும்மா இருக்க முடியாமல் அவருக்குப் போன் போட்டு, எட்டடி போயிருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டேன். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "எட்டடி என்ன புள்ள எட்டடி, பலா மரத்து வேரு எம்பதடி போவும்."

மலைக்கு மொட்டை

டிரைவரண்ணன் மேஜை மேல் கொல்லிமலையையே செய்து வைத்திருந்தார். அடேயப்பா, சும்மா சொல்லக் கூடாது. தெர்மாகோலில் மலை, அதில் எழுபது வளைவும் எண்ணி எண்ணிப் போட்ட ரோடு, ரோட்டை ஒட்டியே தண்டவாளம். நிஜத்தில் வராத ரயிலை அங்கே வர வைத்துவிட்டார். புல்லுக்குச் சாமை வைக்கோலைப் பொடியாக நறுக்கி ஒட்டியிருந்தார். மூடுபனிக்குப் பஞ்சு. எஞ்சின் சக்கரம் கிறீச்சிடக் கூடாது என்று தண்டவாளம் நெடுக விளக்கெண்ணெய் வேறு. ரயிலை ஓட்டிக் காட்டினார். வளைவில் சக்கரம் திரும்பும்போது நீலமாகச் சின்னச் சின்னப் பொறி. "பாத்தியா, நெஜ ரயில் மாதிரியே பொறி பறக்குது!" என்று குதிக்கிறார். நான் விரல் விட்டு எண்ணினேன். எண்ணெய், வைக்கோல், பஞ்சு, தெர்மாகோல், அதற்குமேல் பொறி. நானே தீ வைக்க நினைத்தாலும் இவ்வளவு பொருத்தமாக அடுக்கியிருக்க மாட்டேன்.

வாயால் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. வளைவில் கிடந்த எண்ணெய் வைக்கோலும் பஞ்சும் ஒரு பிடி, தெர்மாகோல் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வாசலுக்குக் கூட்டிப் போனேன். பாறை மேல் வைத்து ஒரே ஒரு குச்சி கிழித்தேன். பக்கென்று பிடித்தது, கறுகறுவென்று புகை, தெர்மாகோல் உருகிச் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. டிரைவரண்ணன் அது அணைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் உள்ளே போய்த் தன் மலையைத் தானே பிய்க்க ஆரம்பித்தார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் மூன்று வருஷம் ஒட்டின வைக்கோல் அது.

பன்னிரண்டு நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து, கோழிவலையை வளைத்துச் சிமெண்ட் பூசி, சரளையும் செம்மண்ணும் பாசிக்கல்லும் பதித்துப் புது மலை எழுப்பினோம். எண்ணெயைத் துடைத்துவிட்டு அச்சுக்கு மட்டும் ஒரு சொட்டு. பழைய மலை பொம்மை மாதிரி இருந்தது; இது மலை மாதிரியே இருந்தது. அதை அவர் பிற்பாடுதான் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு, வைக்கோலை எல்லாம் கூடையில் வாரிக்கொண்டு போகும்போது அவர் சொன்னது இதுதான்: "பழனிக்கு நேந்துக்கிட்ட மாதிரி எம் மலைக்கு மொட்டை போட்டுட்டியே அம்மிணி."

கடைக்காரரின் சந்தேகம்

ட்ரிப்பர் வாங்கக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கினேன். ட்ரிப்பர் என்பது மெயின் போர்டில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி. போன கரண்ட் போன அளவுக்குத் திரும்பி வரவில்லை, எங்கேயோ கசிகிறது, ஒருவேளை மனுஷன் உடம்பு வழியாகவே போகிறது என்றால், கண் இமைக்கிற நேரத்தில் மொத்தக் கரண்டையும் அணைத்துவிடும். நல்லதாக ஒன்று கொடுங்கள் என்றேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் பேர் தெரியாத கம்பெனி டப்பா ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வைத்தார். கடையிலேயே லைன் கொடுத்து டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் சும்மா. மூன்றாவது டப்பா அழுத்தின உடனே டக்கென்று விழுந்தது. அதை வாங்கிப் பையில் போட்டேன். கடைக்காரருக்கு மனசே ஆறவில்லை. "ஏனுங்க, பொம்மை ரயிலுக்கு எதுக்குங்க நெசமா வேலை செய்யற ட்ரிப்பரு?"

வாடை வந்த கதை

எல்லாம் முடிந்தது. நம் வோல்ட்டுக்கு ஏற்ற டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சேலத்தில் தேடிப் பிடித்து, மரப்பலகையில் வைக்காமல், மேஜைக்குக் கீழே பெரிய கருங்கல் பலகை போட்டு அதன்மேல் உட்கார வைத்தேன். சூடானாலும் கல் தாங்கும், சுற்றிலும் காற்றோட்டம் இருக்கும். ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் மூன்று வாரம். நான் நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் காளியக்கா போன் வந்தது. குரலில் ஒரு வெற்றி. "வாடை வந்துருச்சு மல்லிகா. இரும்புக்காரனுக்குச் சொல்லி உட்டுட்டேன். ஆடிப் பத்தொம்பது காலையில வாரானாம்."

என் வேலையில் கருகல் வாடையா? மழையில் நனைந்துகொண்டே போனேன். டிரைவரண்ணன் கொட்டாய் மூலையில் உட்கார்ந்திருந்தார், பறிகொடுத்தவர் மாதிரி. வாடை நிஜம்தான், வார்னிஷ் சூடேறின வாடை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒயரைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. இணைப்புகளைப் பார்த்தேன், இறுக்கமாக இருக்கின்றன. கடைசியில் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் தலைமேல், குல்லாய் போட்ட மாதிரி, ஒரு துணிப்பை. உள்ளே இரண்டு கிலோ மிளகு. காற்றோட்டத்துக்கு விட்டிருந்த ஓட்டை எல்லாம் அடைத்துக்கொண்டு, பெட்டி உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறது.

பையைத் தூக்கிக் காட்டினேன். டிரைவரண்ணன் காளியக்காவைப் பார்த்தார். காளியக்கா கூரையைப் பார்த்தாள். ஆனி மழையில் மூட்டையில் இருக்கிற மிளகு ஈரம் வாங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பது எங்கள் மலையில் எல்லாருக்கும் உள்ள கவலைதான். அதற்காக டிரான்ஸ்பார்மர் மேலா காய வைப்பது? "சரி சரி, ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்போம். அன்னைக்கு வாடை வரலைன்னா இருக்கட்டும். வந்துச்சுன்னா மறாநாளு எடைக்குத்தான்" என்று இறங்கி வந்தாள். இரும்புக்காரனை மட்டும் வர வேண்டாம் என்று சொல்ல மறுத்துவிட்டாள். கிளம்பும்போது பையை என்னிடமிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு முணுமுணுத்தாள்: "சும்மாதானே சுட்டுக்கிட்டுக் கெடக்குது, மொளகாச்சும் காயட்டுமேன்னு வெச்சேன்."

புது வண்டிக்குப் பூசை

ஆடிப் பதினெட்டு. வெளியே பொசுபொசுவென்று தூறல். கொட்டாய்க்குள் குடையும் தலையில் மாட்டின கோணிக் கொங்காடையுமாக நாற்பது பேர். குழந்தைகள் எல்லாம் மேஜையைச் சுற்றி. மூன்று பாதையில் மூன்று ரயில் கிளம்பத் தயாராக நிற்கிறது. நான் காலையிலேயே போய் எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்து, ஒரு சட்டமும் போட்டிருந்தேன்: கொட்டாய்க்குள் சூடம் கூடாது, ஊதுவத்தி கூடாது, பீடி கூடவே கூடாது. டிரைவரண்ணன் தலையாட்டினார். ஆனால் இருபத்தேழு வருஷம் பூசை போடாமல் வண்டியை எடுத்ததில்லையாம். சூடத்தை வாசலிலேயே காட்டிவிட்டு வந்தார். எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்குக் கீழே நாலு சின்ன எலுமிச்சம்பழம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நெருப்பைத் தடுத்துவிட்டோம் என்று நானும் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். தேங்காயை மறந்துவிட்டேன்!

பஸ்ஸுக்கு என்றால் முன் சக்கரத்துக்கு எதிரே ரோட்டில் உடைப்பார்கள். இங்கே ரோடு எது? மேஜைக்குக் கீழே, நான் போட்ட கருங்கல் பலகை. டிரைவரண்ணன் தேங்காயை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் குனிந்தார். முழங்கால் வலி. தாங்கலுக்கு இடது கையால் டிரான்ஸ்பார்மர் இரும்புப் பெட்டியை அழுந்தப் பிடித்துக்கொண்டார். வெறுங்கால், கீழே ஈரத் தரை. நான் "அண்ணா!" என்று வாயைத் திறப்பதற்குள் படாரென்று உடைத்துவிட்டார். தேங்காய்த் தண்ணி பெட்டியின் ஓட்டைக்குள் சளக்கென்று போயிற்று.

டக்.

விளக்கு போயிற்று, ஃபேன் நின்றது, கொட்டாய் முழுக்க அரை இருட்டு. "அண்ணா, கையை எடுங்க!" என்று தாவிப் போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன். மனுஷர் உடைந்த தேங்காய் மூடி ஒன்றை வலது கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார். "என்ன கண்ணு ஆச்சு? எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்கிறார். ஒன்றும் ஆகவில்லை! பெட்டிக்குள் கசிந்த கரண்ட் அவர் கைக்குப் போகாமல் பச்சை ஒயர் வழியாக வாழையடிக்குப் போயிருக்கிறது. போன உடனே ட்ரிப்பர் விழுந்திருக்கிறது. சித்திரையில் இதே தேங்காயை உடைத்திருந்தால் கிளட்ச் கம்பி அறுந்திருக்காது, பலா மரம் காப்பாற்றியிருக்காது, அந்தக் கை பெட்டியை விட்டு வந்திருக்காது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியுமா? "என்ன கரண்டம்மிணி, மூணு மாசமா ஒயரிங் பண்ணி, தேங்கா ஒடைக்கறதுக்குள்ள கரண்டு போச்சு" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். சிரிப்பு வேறு. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பேன். அன்றைக்கு விடவில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். எந்தப் பெட்டியை யார் எப்படிப் பிடித்திருந்தார், தண்ணி எங்கே போயிற்று, எது அணைந்தது, எதனால் டிரைவரண்ணன் இப்போது நின்று முழிக்கிறார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்லக் கூட்டத்தில் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. டிரைவரண்ணன் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நனைந்த டிரான்ஸ்பார்மரைக் கழற்றி ஓரமாக வைத்தேன். கல்லைத் துடைத்துக் காய வைத்து, மாற்றுக்கு வாங்கி வைத்திருந்த இன்னொன்றை மாட்டினேன். ட்ரிப்பரை மேலே தள்ளினேன், இந்தத் தடவை விழவில்லை. நின்றது. விளக்கு எரிந்தது. டிரைவரண்ணன் சுவிட்சைத் திருப்ப, எலுமிச்சம்பழத்தை உருட்டித் தள்ளிக்கொண்டு முதல் ரயில் கிளம்பியது, பின்னாலேயே மற்ற இரண்டும். எழுபது வளைவிலும் ஏறின. குழந்தைகள் போட்ட சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. காளியக்கா கொட்டாய் நடுவில் வந்து நின்று, மூக்கை உயர்த்தி நாலு பக்கமும் மோந்து பார்த்தாள். மேஜைக்கு அடியிலும் குனிந்து மோந்து பார்த்தாள். அப்புறம் புருஷனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் பழைய குரல். "ரயிலுக்கு அப்பறமா தட்டலாம். மொதல்ல அந்த டப்பா அணைஞ்சுதே, அதுக்குக் கை தட்டுங்க எல்லாரும்!"

ஆடிப் பத்தொன்பது

மறுநாள் காலையில் சொன்னபடி பழைய இரும்புக்காரர் லோடு ஆட்டோவும் தராசுமாக வந்துவிட்டார். நான் என் சாமான்களை எடுக்கப் போயிருந்தேன். காளியக்கா அவரை நேராகக் கொட்டாய்க்குள்ளேயே கூட்டி வந்தாள். டிரைவரண்ணன் முகம் வெளுத்துப் போயிற்று. வாடைதான் வரவில்லையே, இவள் இன்னும் மனசை மாற்றவில்லையா என்று எனக்கும் பக்கென்றது. அக்கா ஒரு கூடையைக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். சித்திரையில் எரிந்த நூற்றுப்பத்து வோல்ட் பெட்டி, நேற்று தேங்காய்த் தண்ணி குடித்த பெட்டி, பலா மரத்து ஆணி. அப்புறம் டிரைவரண்ணன் பக்கம் கையை நீட்டினாள். அவர் முழித்தார். அக்கா கையை எடுக்கவில்லை. கடைசியில் சட்டைப் பையைத் துழாவி அந்தக் கிளட்ச் கம்பியை எடுத்துக் கொடுத்தார். அதுவும் தராசுக்குப் போயிற்று.

இரும்புக்காரருக்கு அது போதவில்லை. முப்பத்தொன்று என்று சொல்லித்தானே மலை ஏறி வந்தார். அலமாரியில் வரிசையாக நின்ற எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டே போய், முதலில் நின்றதன்மேல் கையை வைத்தார், குங்குமம் அழியாமல் இருந்த அதே எஞ்சின். காளியக்கா தராசைச் சுட்டிக் காட்டி, பிறகு அலமாரியைச் சுட்டிக் காட்டிச் சொன்னாள்: "இது இரும்பு, எடுத்துக்க. அது ரயிலு, கையை எடு."

இருபது வருஷமாக ஒரு விளக்கு எரியவில்லை என்றாலே என்னைத் தேடி வந்து திட்டிய ஊர், கொட்டாய் மொத்தமும் இருட்டானதற்கு ஒரு நாளாவது எனக்குக் கை தட்டிவிட்டது என்பதால், அடுத்த இருபது வருஷத் திட்டையும் முன்கூட்டியே மன்னித்து வைத்திருக்கிறேன்.